கப்பல் வேலையும் பிரிட்டிஷ் குடியுரிமையும்: நாள்களை எண்ணுவது எப்படி?

பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் கப்பல்காரர்கள் ஆங்கிலத் தேர்வுக்குப் பயந்து நான் பார்த்ததில்லை. எஞ்சின் அறையில் நாலு நாட்டுக்காரர்களோடு கத்திப் பேசிப் பழகியவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. அவர்களைத் திணறடிப்பது நாட்டுக்கு வெளியே இருந்த நாள்களைப் பட்டியலிடச் சொல்லும் அந்தப் பக்கம்தான். கரையில் வேலை பார்ப்பவருக்கு அது பத்து நிமிட வேலை: ஊருக்கு இரண்டு தடவை, ஸ்பெயினுக்கு ஒரு தடவை, முடிந்தது. நமக்கு அது ஒரு மாத வேலை. நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து சவுத் ஷீல்ட்ஸில் குடியேறிய மரைன் எஞ்சினியர். அந்த ஒரு மாதத்தைச் செலவழித்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்று பாருங்கள். 1981ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தில் 6ஆவது பிரிவு இரண்டு வழிகளைத் தருகிறது. கணவரோ மனைவியோ பிரிட்டிஷ் குடிமகனாக இருந்தால் 6(2): மூன்று ஆண்டு வாசம், அதில் 270 நாள் வரை வெளியே இருந்திருக்கலாம். மற்ற எல்லோருக்கும் 6(1): ஐந்து ஆண்டு, 450 நாள். இரண்டு வழியிலும் கடைசி 12 மாதங்களில் 90 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. ஆழ்கடல் கப்பலில் ஒரே ஒரு ஒப்பந்தம் போனாலே அந்த 90 தீர்ந்துவிடும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு முன்படி, ஐ.எல்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நிரந்தர வதிவிட உரிமை. 6(1)இல் வருபவர்கள் அதைப் பெற்று 12 மாதம் ஆன பிறகே விண்ணப்பிக்க முடியும். பிரிட்டிஷ் குடிமகனின் துணைக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, ஐ.எல்.ஆர். கைக்கு வந்த மறுநாளே விண்ணப்பிக்கலாம். ஐ.எல்.ஆருக்கென்று தனி நாள் கணக்கும் உண்டு. வேலை விசாவில் வந்தவருக்கும் அவருடைய துணைக்கும் எந்த 12 மாதத்தை எடுத்துப் பார்த்தாலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. இந்த விதிகளை மாற்றப்போவதாக 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு அறிவித்தது. வழக்கமான காத்திருப்பைப் பத்து ஆண்டாக்கும் யோசனை அதில் இருக்கிறது. ஆகவே ஐ.எல்.ஆர். இன்னும் பெறாதவர்கள் விண்ணப்பிக்கும் மாதத்தில் நடப்பில் உள்ள விதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

சிலர் என்னிடம் கேட்பது: “அண்ணே, பத்து வருஷமாக சவுத்தாம்ப்டனுக்கு வந்து போகிறேன், அது சேராதா?” சேராது. கப்பல் ஊழியராக வந்து இறங்குபவர், அந்தக் கப்பல் கிளம்பும் வரை விசா இல்லாமல் இருக்க 1971ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இடம் கொடுக்கிறது. அது கரைக்கு இறங்கிக் கடைக்குப் போய் வருவதற்கான சலுகை. அதிலிருந்து ஐ.எல்.ஆருக்குப் பாதை கிடையாது.

கொடியும் உதவாது. கப்பலின் பின்புறம் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் சிவப்புக் கொடி பறக்கலாம், கேப்டன் லிவர்பூல்காரராக இருக்கலாம். நடுக்கடலில் நீங்கள் பிரிட்டனில் இல்லை. ஒரு காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. போர்க்காலத்தில் அரசரின் அறிவிப்பின்படி இரண்டு ஆண்டு பிரிட்டிஷ் கப்பலில் வேலை செய்த வெளிநாட்டு மாலுமி, அந்தச் சேவையாலேயே குடிமகனாகிவிடுவார் என்று 1740இல் ஒரு சட்டம் போட்டார்கள். போர்க்கப்பலுக்கு மட்டுமல்ல, வணிகக் கப்பலுக்கும் அது பொருந்தியது. ஆள் பற்றாக்குறை வந்தால் சட்டம் எப்படி இளகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இப்போதுள்ள சட்டம் கேட்பது பிரிட்டனுக்குள் இருந்த நாளை. பிரிட்டன் என்பதில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றோடு சேனல் தீவுகளும் மேன் தீவும் அடங்கும்.

எண்ணும் முறை

வெளியே கழித்த முழு நாள்களை மட்டும் எண்ண வேண்டும். கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் கணக்கில் வராது. என் பயணம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மே 3 அன்று ஹீத்ரோவில் விமானம் ஏறினேன். 5ஆம் தேதி சிங்கப்பூரில் சைன் ஆன் (கப்பலில் வேலைக்கு ஏறுவது). ஆகஸ்ட் 28 அன்று பிரேசிலின் சாண்டோஸில் சைன் ஆஃப் (வேலை முடிந்து இறங்குவது). டிக்கெட் கிடைக்காமல் ஓட்டலில் கிடந்து, 31ஆம் தேதி லண்டனில் இறங்கினேன். மே 4 முதல் ஆகஸ்ட் 30 வரை 119 நாள். இதையே சி.டி.சி. என்ற மாலுமிப் புத்தகத்தில் உள்ள ஏறிய, இறங்கிய தேதிகளை வைத்துப் போட்டால் 114 வரும். ஐந்து நாள் காணாமல் போகிறது.

இந்தத் தவறைத்தான் நான் செய்தேன். நான்கு ஆழ்கடல் பயணங்களை சி.டி.சி.யைப் பார்த்துக் கூட்டி 447 என்று எழுதி, 450க்குள் வந்துவிட்டது என்று மகிழ்ந்துபோனேன். என் மனைவி மருத்துவமனையில் செவிலியர், மருந்துக் கணக்கு எழுதிப் பழகிய கை. பழைய மின்னஞ்சல்களில் விமான டிக்கெட்டுகளைத் தேடி எடுத்து, என் பட்டியலுக்குப் பக்கத்தில் பென்சிலால் வேறு தேதிகளை எழுதினார். உண்மையான கூட்டுத்தொகை 471. அந்த 471க்காக என்னை மறுத்திருக்க மாட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது, காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஆனால் 447 என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அது தவறான தகவல். குடியுரிமைக்கு நன்னடத்தையும் ஒரு நிபந்தனை என்பதால், நாள் கூடியதைவிட நாளை மறைத்ததாகத் தெரிவது பெரிய ஆபத்து.

படகுச் சேவைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த முழு நாள் விதி வரம். டோவருக்கும் கலேக்கும் இடையே ஓடும் கப்பலில் ஒரு வாரம் தங்கி வேலை பார்த்தாலும், கப்பல் ஒவ்வொரு நாளும் டோவரைத் தொடுகிறது, முழு நாள் என்று ஒன்று விழுவதே இல்லை. எங்கள் ஊர் ஆற்றின் எதிர்க்கரையில் நார்த் ஷீல்ட்ஸிலிருந்து ஹாலந்தின் ஐமூடனுக்குப் போகும் இரவுக் கப்பல் வேறு மாதிரி. திங்கள் மாலை கிளம்பி, செவ்வாய் காலை அங்கே சேர்ந்து, அன்று மாலையே புறப்பட்டு, புதன் காலை இங்கே வரும். செவ்வாய் ஒரு முழு நாள் போய்விடுகிறது. இப்படியே ஓடினால் வேலை பார்த்த நாள்களில் ஏறக்குறைய பாதி கழியும். அபர்டீனிலிருந்து எண்ணெய்க் கிணறுகளுக்குச் சரக்குக் கொண்டுபோகும் படகில் இருப்பவர்கள், 12 கடல் மைல் எல்லைக்கு அப்பால் கழித்த முழு நாளை வெளிநாட்டு நாளாகவே எழுதுங்கள். கிணறு பிரிட்டனுடையது என்பதால் அந்தக் கடல் பிரிட்டனாகிவிடாது.

சான்றுகள்

பிரிட்டனை விட்டு வெளியேறும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, இதுதான் நமக்குச் சிக்கல். 2015 ஏப்ரல் முதல் வெளியேறும் பயணிகளின் விவரத்தை உள்துறை சேகரிக்கிறது. உங்களைப் பற்றி அவர்களிடம் உள்ள பதிவைத் தரும்படி நீங்களே கேட்கலாம். கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்தில் பதில் வரும். முதல் வேலையாக அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அதை முழுதாக நம்ப வேண்டாம். விமானத்தில் போய் வந்தது ஓரளவு ஒழுங்காக இருக்கும். பிரிட்டிஷ் துறைமுகத்திலேயே கப்பல் ஏறியிருந்தாலோ இறங்கியிருந்தாலோ அந்தப் பதிவில் ஓட்டை இருக்கலாம். ஓட்டையை நிரப்ப நிறுவனத்திடம் கடிதம் வாங்குங்கள்: எந்தக் கப்பல், எந்தத் துறைமுகத்தில் ஏறியது, எங்கே இறங்கியது, பயண டிக்கெட் எந்தத் தேதிக்கு எடுக்கப்பட்டது. ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் சில ஆண்டுகளில் பெயரை மாற்றிக்கொண்டு காணாமல் போய்விடுவது உண்டு. அதனால் ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது. ஒப்பந்தப் பத்திரம், கடற்சேவைச் சான்று, சம்பளச் சீட்டு, போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, உறையின் மேல் கப்பல் பெயரை எழுதி வைப்பது என் வழக்கம்.

மாலுமியின் புத்தகம் மட்டும் போதாமல் போவது இந்த நாட்டில் புதிதல்ல. 1925இல் வெள்ளையரல்லாத வெளிநாட்டு மாலுமிகளைப் பதிவு செய்ய ஓர் ஆணை வந்தது. இந்திய மாலுமிகள் அன்றைக்குப் பிரிட்டிஷ் பிரஜைகள், அந்த ஆணை அவர்களுக்குப் பொருந்தவே கூடாது. ஆனாலும் கார்டிஃப் போன்ற துறைமுகங்களில் கையில் பாஸ்போர்ட் இல்லாத பலர் அந்நியர்களாகவே பதியப்பட்டார்கள். காகிதம் இல்லாதவன் சொல்லுக்கு அன்றும் மதிப்பில்லை.

தேதியைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் பலர் தகுதி வந்த அன்றே விண்ணப்பிக்கத் துடிக்கிறார்கள். அவசரப்படாதீர்கள். ஐந்து ஆண்டு என்பது விண்ணப்பம் போய்ச் சேரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. அந்த நாளை முடிவு செய்வது நீங்கள். மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே கூடும், குறையும்.

2021இல் மார்ச் 1 அன்று கிளம்பி ஜூன் 30 அன்று திரும்பிய ஒரு பயணம் இருக்கிறது என்று வையுங்கள். 2026 ஜூன் 30 அன்று விண்ணப்பித்தால் உங்கள் ஐந்தாண்டு 2021 ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அந்தப் பயணத்தின் 120 நாளும் கணக்கைவிட்டு நழுவிவிடும். நான்கு மாதம் பொறுத்ததற்கு இது நல்ல கூலி.

ஒரு நிபந்தனையை மறந்துவிடாதீர்கள். அந்த முதல் நாளன்று, மேற்சொன்ன உதாரணத்தில் 2021 ஜூலை 1 அன்று, நீங்கள் பிரிட்டனுக்குள் இருந்திருக்க வேண்டும். நாள் கணக்கெல்லாம் சரியாக இருந்தும் அன்றைக்கு மலாக்கா நீரிணையில் இருந்ததால் மறுக்கப்படலாம். 2022 ஜூன் 28 முதல் இதிலும் விலக்குத் தர உள்துறைக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் அது தனிச் சூழ்நிலைகளுக்கானது. விண்ணப்பத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டாலே தீர்ந்துவிடும் விஷயத்துக்கு விலக்குக் கேட்டு நிற்காதீர்கள்.

கடைசி 12 மாதத்தின் 90 நாளுக்கும் இதே தந்திரம் உண்டு. அடுத்த நிலைச் சான்றிதழுக்குப் படிக்க எப்படியும் என்றைக்காவது கரையில் உட்காரத்தான் வேண்டும். சவுத் ஷீல்ட்ஸ், வார்சாஷ், கிளாஸ்கோ கல்லூரிகளில் வகுப்பு, அதற்குப் பிறகு வாய்மொழித் தேர்வு, நடுவில் கொஞ்சம் விடுப்பு என்று பல மாதங்கள் தானாகக் கரையிலேயே கழியும். அந்தக் கட்டம் முடியும் தறுவாயில் விண்ணப்பியுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். வகுப்புக்கு அடுத்து ஆறு மாதம் படகுச் சேவையில் வேலை. கடைசி ஆண்டில் எனக்கு வெறும் 61 நாள்.

எல்லை தாண்டினால்

450 என்பது கல்லில் எழுதிய எண் அல்ல. அதிகாரிகளுக்கு உள்துறை கொடுத்திருக்கும் வழிகாட்டுதல்படி, மற்ற தகுதிகள் எல்லாம் சரியாக இருந்தால் 480 நாள் வரை சாதாரணமாகக் கண்டுகொள்ளமாட்டார்கள். 6(2)இல் வருபவருக்கு 300 நாள் வரை. என் 471 இதில் அடங்கிவிட்டது.

480க்கு மேல் 900 வரை, 6(2)இல் 300க்கு மேல் 540 வரை இருந்தால் காரணம் காட்ட வேண்டும். நமக்கு ஆறுதலான செய்தி: ஏற்கத்தக்க காரணமாக அந்த வழிகாட்டுதல் சொல்லும் ஒன்று, வேலையின் தன்மையால் தவிர்க்க முடியாமல் வெளியே இருப்பது. அதற்கு உதாரணமாக வணிகக் கப்பல் மாலுமியையே குறிப்பிடுகிறார்கள். ஆனால் “நான் மாலுமி” என்று ஒரு வரி எழுதினால் போதாது. வீடு, வேலை, குடும்பம், பணம் நான்கும் பிரிட்டனில் வேரூன்றியிருப்பதைக் காட்ட வேண்டும். வீட்டுக் கடன் அல்லது வாடகைப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிக் கடிதம், கவுன்சில் வரி, இங்குள்ள வங்கிக் கணக்கில் சம்பளம் விழுவது ஆகியவை பேசும். என் பார்வையில் இந்த நான்கில் பலவீனமானது வேலைதான். பிரிட்டிஷ் நிறுவனத்தில் நிரந்தர ஊழியராக இருப்பவருக்கும், மும்பை ஏஜென்சி வழியாகச் சைப்ரஸ் நிறுவனத்தில் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் ஏறுபவருக்கும் இடையே அதிகாரி கண்ணில் வித்தியாசம் தெரியும். மனைவியும் பிள்ளைகளும் ஊரில், நீங்கள் மட்டும் இங்கே ஓர் அறை வாடகைக்கு என்றால் அந்த வாதம் நிற்காது.

கடைசி ஆண்டில் 100 நாள் வரை விட்டுவிடுவார்கள். 180ஐ எட்டும் வரை மேற்சொன்னது போல வேர் காட்ட வேண்டும். 180ஐ எட்டினால் விலக்குக் கிடைப்பது மிக அபூர்வம்.

இப்போது உங்கள் ஒப்பந்த முறையை இந்த எண்களில் வைத்துப் பாருங்கள். நான்கு மாதம் கடல், இரண்டு மாதம் விடுப்பு என்று ஓடுபவருக்கு ஆண்டுக்கு 240 நாள், ஐந்தாண்டில் 1,200. 900ஐத் தாண்டினால் மறுப்பையே எதிர்பார்க்க வேண்டும். இவருக்கு நான் சொல்லக்கூடியது, இப்போது விண்ணப்பித்துப் பணத்தை வீணாக்காதீர்கள். பத்து வாரம் கடல், பத்து வாரம் வீடு என்று இருப்பவர் 900 என்ற விளிம்பிலேயே நிற்கிறார். ஒரு தடவை ஊருக்கு விடுமுறை போனாலும் கவிழ்ந்துவிடுவார். ஆம், விடுமுறையும் சேரும். தூத்துக்குடியில் அம்மாவோடு இருந்த மூன்று வாரமும் வெளியே இருந்த நாள்கள்தான்.

வரிக் கணக்கோடு ஒத்துப்போகட்டும்

மாலுமிகளுக்கான வருமான வரிச் சலுகை வாங்குபவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அந்தச் சலுகைக்கு நாட்டுக்கு வெளியே அதிக நாள் இருந்ததைக் காட்ட வேண்டும், குடியுரிமைக்குக் குறைந்த நாள். இரண்டும் ஒரே ஆளின் ஒரே நாள்கள். எண்ணும் முறை மட்டும் வேறு. வரிக்கு நள்ளிரவில் எங்கே இருந்தீர்கள் என்பதே கேள்வி, அதனால் கிளம்பிய நாளும் சேரும். என்னுடைய அந்த சாண்டோஸ் பயணம் வரிக் கணக்கில் 120, குடியுரிமைக் கணக்கில் 119. இந்த ஒரு நாள் வித்தியாசம் நியாயமானது. பயணத்தின் தேதிகளே இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே அட்டவணையைத் தயாரித்து இரண்டுக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

மற்றவை சுருக்கமாக. பிரிட்டன் வாழ்க்கைத் தேர்வில் 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக இருக்க வேண்டும், கட்டணம் 50 பவுண்டு. துறைமுகத்திலிருந்து வந்த களைப்போடு போகாதீர்கள். மூன்று ஆண்டாவது உங்களைத் தெரிந்த இருவர் சான்றளிக்க வேண்டும். ஏற்கப்படும் தொழில்களின் பட்டியலில் வணிகக் கப்பல் அதிகாரியும் உண்டு, ஆகவே பழைய சீஃப் எஞ்சினியர் ஒருவரைக் கேட்கலாம். இன்னொருவர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவராக இருக்க வேண்டும். கட்டணம் 2025 ஏப்ரல் நிலவரப்படி 1,605 பவுண்டும், உறுதிமொழி விழாவுக்கு 130 பவுண்டும். மறுத்தால் விழாப் பணம் மட்டுமே திரும்ப வரும். மேல்முறையீட்டு உரிமை கிடையாது. 6(1)இல் வருபவர்கள் எதிர்காலத்திலும் பிரிட்டனே தங்கள் முதன்மை வீடாக இருக்கும் என்று உறுதி கூற வேண்டும். அதற்குப் பதிலாக, பிரிட்டனில் நிறுவப்பட்ட நிறுவனத்தில் தொடர்ந்து வேலை பார்ப்பதாகவும் காட்டலாம்.

அனுப்பிய பிறகு கைரேகை கொடுக்கக் கரையில் இருங்கள். அது முடிந்தால் கப்பலுக்குப் போகத் தடையில்லை. முடிவு வழக்கமாக ஆறு மாதத்துக்குள் வரும். அழைப்புக் கடிதம் வந்தால் மூன்று மாதத்துக்குள் விழாவில் உறுதிமொழி எடுக்க வேண்டும். நீங்கள் அந்த நேரம் பசிபிக்கில் இருந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசியுங்கள். உறுதிமொழி எடுக்கும் வரை நீங்கள் குடிமகன் ஆகவில்லை.

இந்தியர்களுக்குக் கடைசியாக ஒன்று. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற நொடியில் இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், பிறகு ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாட்டு இந்தியர் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இந்திய சி.டி.சி.க்குப் பதிலாக பிரிட்டிஷ் மாலுமி அட்டையும் டிஸ்சார்ஜ் புத்தகமும் எடுக்க வேண்டும். இலங்கைக்காரர்கள் தங்கள் அரசிடம் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். எனக்கு விழா முடிந்த மறுநாள் காலை ஓர் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது: பத்து நாளில் சிங்கப்பூரில் ஏறணும், சம்பளம் நல்லது, கப்பல் புதிது. கையில் குடியுரிமைச் சான்றிதழ் இருந்தது, பயணம் செய்ய ஒரு பாஸ்போர்ட்டும் இல்லை. அந்தக் கப்பலில் வேறு ஒருவர் போனார்.